மாமூல் யாருடையது? தீர்ப்புகளைப் பிரதிகளாக வாசித்தல்

1

‘காமன் லா’ என்பதைத் தமிழில் ‘பொதுச் சட்டம்’ என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். சட்டக் கல்லூரிக்குப் போகிற நம் பிள்ளைகள் முதல் வருஷத்திலேயே இந்தச் சொல்லை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் ‘பொது’ என்கிற சொல் நமக்குப் புதுசு இல்லை. ஊர்ப் பொதுக்கிணறு, ஊர்ப் பொதுச்சாவடி, ஊர்ப் பொதுக்கோயில், ஊர்ப் பொதுச்சுடுகாடு. இத்தனை பொதுவிலும் சேரி கிடையாது. ‘ஊர் கூடி முடிவெடுத்தது’ என்று சொன்னால் சேரியையும் கூப்பிட்டுக் கேட்டு முடிவெடுத்தார்கள் என்று எவனும் அர்த்தம் செய்துகொள்வதில்லை. ஆகவே பொதுச் சட்டம் என்று யாராவது பேச ஆரம்பித்தால் நமக்கு முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான்: இந்தப் பொதுவுல நாங்க இருக்கமா, இல்லையா?

புத்தகங்கள் சொல்கிற கதை இது. இங்கிலாந்தில் நார்மானியர் ஆட்சிக்குப் பிறகு அரசனின் நீதிபதிகள் ஊர் ஊராகச் சுற்றி வழக்குக் கேட்டார்கள். அந்தந்தப் பகுதியில் மக்களிடம் இருந்த வழக்கங்களை எடுத்து, நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு சட்டமாகத் திரட்டினார்கள். ஒரு நீதிபதி சொன்ன தீர்ப்பை அடுத்து வந்தவர் பின்பற்றினார். முன்தீர்ப்பு என்பது அப்படித்தான் சட்டமாயிற்று. பிரான்சில் 1804ல் நெப்போலியன் காலத்தில் தொகுப்பை எழுதி வைத்துக்கொண்டு அதன்படி வழக்கைத் தீர்த்தார்கள். இங்கிலாந்தில் வழக்குகளைத் தீர்த்துத் தீர்த்துச் சட்டம் வந்தது. இந்த முறை வெள்ளைக்காரன் போன இடமெல்லாம் கூடவே போனது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா, இந்தியா என்று வெவ்வேறு மண்ணில் இறங்கியது.

இந்தியாவில் இரண்டும் கலந்தே வந்தது. 1860ல் தண்டனைச் சட்டம், 1872ல் சாட்சியச் சட்டம் என்று எழுதி வைத்தார்கள். ஆனால் அவற்றைப் படிக்கிற கண் பொதுச்சட்டத்தின் கண்ணாகவே இருந்தது. விடுதலைக்குப் பிறகு பழைய சட்டங்கள் மாற்றப்படும்வரை தொடரும் என்று அரசியல் சாசனத்தின் 372வது உறுப்பு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் பெயர் மாறி, எண் மாறி வந்திருக்கின்றன. நீதிமன்றத்தில் வக்கீல்கள் எடுத்துக் காட்டுவது இன்றைக்கும் பெரும்பாலும் பழைய தீர்ப்புகளைத்தான்.

இந்தக் கதையாடலில் ஒரு தந்திரம் இருக்கிறது. வழக்கம் என்பது மக்களிடம் தானாகவே கிடக்கிறது, நீதிபதி அதைக் குனிந்து எடுத்துக் கொடுக்கிறார், அவ்வளவுதான் என்று அது சொல்கிறது. உண்மையில் வழக்கம் தானாகப் பேசாது. யாரோ ஒருவர் வந்து ‘இதுதாங்க மாமூல்’ என்று சொல்ல வேண்டும். நீதிபதி யாரைக் கூப்பிட்டுக் கேட்டார், யாரைக் கேட்கவில்லை, யார் சொன்னதை நம்பினார் என்பதில்தான் சட்டம் உண்டாகிறது. கிராமத்தில் ‘மாமூல்’ என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று வழக்கம், இன்னொன்று அதிகாரிக்குக் கொடுக்கிற கைக்காசு. ரெண்டுக்கும் ஒரே பேரு வந்தது சும்மா இல்லை.

தீர்ப்பும் ஒரு பிரதிதான். அதில் கதைசொல்லி உண்டு, பாத்திரங்கள் உண்டு, பேச விடப்பட்டவர்களும் வாயடைக்கப்பட்டவர்களும் உண்டு. கதையையும் கவிதையையும் கட்டுடைத்துப் படிக்கிற நம் விமர்சகர்கள் இந்தப் பிரதிகளின் பக்கம் அதிகம் திரும்புவதில்லை. ஒரு நாவல் நம்மை இழிவாக எழுதினால் கோபம் வருகிறது. ஒரு தீர்ப்பு அப்படி எழுதினால் அது நம் பிள்ளைகள் காலத்துக்கும் ஆளும். சில தீர்ப்புகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

2

வழக்கம் எப்படி ஏட்டில் ஏறுகிறது என்பதற்கு யாழ்ப்பாணத்துத் தேசவழமையைப் போலத் துலக்கமான சான்று இல்லை. அதை எழுதச் சொன்னது டச்சுக்காரர்கள். பின்னால் நடைமுறைப்படுத்தியது ஆங்கிலேயர்கள். 1706ல் டச்சு ஆளுநர் உத்தரவிட, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் அதிகாரியாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தமிழர்களின் வழக்கங்களைத் தொகுத்து 1707ல் கொடுத்தார். தொகுத்தது சரிதானா என்று பார்க்க அதைத் தமிழாக்கி 12 முதலிமார்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் படித்துப் பார்த்துச் சரியென்று ஒப்புதல் தந்தார்கள். 1806ல் பிரிட்டிஷ் அரசு 18ஆம் எண் ஒழுங்குவிதி மூலம் அதற்கு முழுச் சட்ட வலு கொடுத்தது.

அந்தத் தேசவழமையில் சீதனம், முதுசம், தேடிய தேட்டம் எல்லாம் இருக்கின்றன. கூடவே அடிமைகளைப் பற்றிய பகுதியும் இருக்கிறது. கோவியர், சாண்டார், நளவர், பள்ளர் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. அடிமை யாருக்குச் சொந்தம், அடிமைக்குப் பிறந்த பிள்ளை யாருக்குச் சொந்தம் என்பதெல்லாம் ‘தேசத்தின் வழமை’.

12 முதலிமார்களிடம் கேட்டார்கள். ஒரு நளவரிடம், ஒரு பள்ளரிடம் கேட்டார்களா? ‘உன்னை அடிமை என்று எழுதியிருக்கு, இது உங்க வழமைதானா?’ என்று கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்? அந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை. கேட்கப்படாததாலேயே அது ‘தேசவழமை’ ஆயிற்று. அடிமை முறையை இலங்கையில் 1844ல் ஒரு கட்டளைச் சட்டம் முடிவுக்குக் கொண்டுவந்தது. சொத்துரிமை விஷயத்தில் தேசவழமை இன்றும் யாழ்ப்பாணத் தமிழர்களை ஆள்கிறது. அடிமைப் பகுதி செத்துப்போனது. ஆனால் அதை எழுதவைத்த மனசு செத்துவிடவில்லை. 1957ல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்த பிறகும் 1968ல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நின்று போராட வேண்டியிருந்தது.

3

இப்போது இந்தப் பக்கம், ராமநாதபுரம்.

1868ல் லண்டன் பிரிவி கவுன்சிலில் ராமநாதபுரம் ஜமீன் வழக்கு ஒன்று முடிந்தது. ராணி தத்தெடுத்தது செல்லுமா, செல்லாதா என்பது தகராறு. தத்து செல்லும் என்று தீர்ப்பு வந்தது. இந்து சட்டத்தில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிற ஒரு விதி அந்தத் தீர்ப்பில்தான் வருகிறது: தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம், எழுதப்பட்ட சாத்திரத்தைவிட வலுவானது. கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள். சாத்திரத்தை வழக்கம் வெல்லும் என்றால் பார்ப்பனிய நூல்களைவிட மக்கள் வாழ்க்கை பெரிது என்றல்லவா அர்த்தம்!

அதே ராமநாதபுரம் அரண்மனை சம்பந்தப்பட்ட இன்னொரு வழக்கில் இந்த விதியின் மறுபக்கம் தெரிந்தது. 1897ல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்து கும்பிட்டார்கள். அரண்மனை வழக்குப் போட்டது. கீழ்க்கோர்ட், சென்னை உயர் நீதிமன்றம் என்று நடந்து, 1908ல் பிரிவி கவுன்சில் வரை போய், நாடார்கள் தோற்றார்கள். கோயிலின் வழக்கப்படி அவர்களுக்கு நுழையும் உரிமை இல்லை என்பது தீர்ப்பின் சாரம். சாத்திரத்தை வழக்கம் வென்றபோது ஜெயித்ததும் அரண்மனை. ஒரு சாதியை வழக்கம் வெளியே நிறுத்தியபோது ஜெயித்ததும் அரண்மனை.

இந்தப் பிரதியை மேலும் கூர்ந்து வாசிக்க வேண்டும். வெளியே நிறுத்தி வைக்கப்பட்டவர்கள், இதற்கு முன் எப்போதாவது உள்ளே போய்க் கும்பிட்டிருக்கிறீர்களா என்ற கேள்வியில் மாட்டிக்கொண்டார்கள். உள்ளே விடாததால் போகவில்லை. போகாததால் வழக்கம் இல்லை. வழக்கம் இல்லாததால் உள்ளே விட முடியாது. தடுத்தவன் செய்த தடுப்பே அவனுக்கு ஆதாரமாகிறது. ஒருத்தன் காலைக் கட்டிப்போட்டுவிட்டு ‘இவன் நடந்து நான் பார்த்ததே இல்ல’ என்று சாட்சி சொல்வது மாதிரி இது. நாடார்களும் தங்கள் தரப்பில் தாங்கள் சத்திரியர்கள் என்றே வாதாடினார்கள். ‘எங்களை அவங்களோட சேர்க்காதீங்க’ என்கிற அந்த வாதம், தங்களுக்கும் கீழே நிறுத்தப்பட்டவர்களை வாசலுக்கு வெளியிலேயே விட்டுவிட்டது. வழக்கம் என்ற ஏணியை உடைக்காமல் அதில் ஒரு படி மேலே ஏற முயன்ற வாதம் தோற்றது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

கோயிலைவிடத் தண்ணீர் இன்னும் அவசரமான விஷயம். 1872 சாட்சியச் சட்டத்தின் 48வது பிரிவு, ஒரு வழக்கம் இருக்கிறதா என்று தீர்மானிக்க, அது இருந்தால் தெரிந்திருக்கக் கூடியவர்களின் கருத்தைக் கேட்கலாம் என்கிறது. அதற்கு உதாரணம் ஒன்றையும் அந்தப் பிரிவே தருகிறது. என்ன உதாரணம் தெரியுமா? ஒரு கிராமத்துக் கிணற்றுத் தண்ணீரை அந்தக் கிராமத்தார் பயன்படுத்தும் உரிமை, ஒரு பொது உரிமை என்று! சட்டம் எழுதியவர்களுக்குப் ‘பொது’ என்றதும் ஊர்க்கிணறுதான் நினைவுக்கு வந்திருக்கிறது. ‘கிராமத்தார்’ யார் என்பதை விளக்க அவர்களுக்குத் தோன்றவில்லை. இந்த நாட்டில் அந்தக் கிணற்றைச் சுற்றி எத்தனை பேர் அடிபட்டார்கள், எத்தனை பொம்பளைங்க குடத்தை வைத்துக்கொண்டு யாராவது ஊத்துவாங்களா என்று மணிக்கணக்காகக் காத்துக் கிடந்தார்கள் என்பது அந்த உதாரணத்துக்குள் இல்லை.

4

அந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்கு இழுத்து வந்தது மஹத் குளம்.

பொதுப் பணத்தில் கட்டிய, பராமரிக்கிற நீர்நிலைகளைத் தீண்டப்படாதவர்களுக்குத் திறக்க வேண்டும் என்று 1923ல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. மஹத் நகராட்சி அதை 1924ல் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டது காகிதத்தில்தான். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கான மக்கள் சவுதார் குளத்துக்குப் போய்த் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள். அடிதடி நடந்தது. சாதி இந்துக்கள் குளத்துக்குத் ‘தீட்டுக்’ கழித்தார்கள். டிசம்பரில் வழக்குப் போட்டுத் தற்காலிகத் தடையும் வாங்கினார்கள். முதல் பிரதிவாதி பீமராவ் ராம்ஜி அம்பேத்கர். தடையை மதித்து அந்த முறை குளத்துக்குப் போவது ஒத்திவைக்கப்பட்டது. 1927 டிசம்பர் 25 அன்று மநு தர்ம நூல் எரிக்கப்பட்டது. வழக்கு மட்டும் மேல்முறையீடு மேல்முறையீடாக ஓடி, 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில் முடிந்தது. ஒரு வாய்த் தண்ணீருக்குப் பத்து வருஷம்.

வழக்குப் போட்டவர்களின் வாதம் வழக்கமான வாதம்தான். தொன்றுதொட்டு இந்தக் குளம் எங்களுக்கு மட்டும் உரியது; தீண்டப்படாதவர்கள் இதில் கைவைத்ததில்லை; இதுவே வழக்கம். இங்கேதான் பொதுச்சட்டத்தின் கருவி ஒன்று திரும்பி அவர்கள் பக்கமே பாய்ந்தது. ஆங்கிலச் சட்டத்தில் ஒரு வழக்கம் செல்ல வேண்டுமானால் அது நினைவுக்கு எட்டாத காலம் தொட்டு வந்திருக்க வேண்டும். இடையறாமல் வந்திருக்க வேண்டும். திட்டவட்டமாக இருக்க வேண்டும். நியாயமானதாகவும் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் நினைவுக்கு எட்டாத காலம் என்பதற்கு 1189 என்று ஒரு வருஷமே குறித்து வைத்திருந்தார்கள். இந்திய நீதிமன்றங்கள் 1189ஐப் பிடித்துத் தொங்கவில்லை. பழமையை நிரூபிக்க வேண்டும் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டன.

மஹத் வழக்கில் உயர் நீதிமன்றம் அந்தப் பழமையை நிரூபிக்கச் சொன்னது. வந்த சாட்சியம் சில பத்தாண்டுகளுக்குத்தான் போதுமானதாக இருந்தது. குளம் இருப்பது சர்க்கார் நிலத்தில், பிறகு அது நகராட்சியிடம் வந்தது. சுற்றிலும் சாதி இந்துக்களின் வீடுகள் வருவதற்கு முன்னால் அந்தத் தண்ணீரைத் தனியுரிமையாக்க யாராவது முயன்றிருப்பார்களா என்பதே சந்தேகம் என்று நீதிமன்றம் கருதியது. தொன்றுதொட்ட வழக்கம் நிரூபிக்கப்படவில்லை. வழக்குப் போட்டவர்கள் தோற்றார்கள்.

கமுதியையும் மஹத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சட்டம் ஒன்று, வழக்கம் பற்றிய விதி ஒன்று. கமுதியில் வெளியே இருந்தவர்கள் முன்பு உள்ளே இருந்தார்களா என்ற கேள்வி பெரிதாயிற்று. மஹத்தில் அவர்களை எப்போதிருந்து வெளியே வைத்தீர்கள் என்ற கேள்வி பெரிதாயிற்று. கேள்வி இடம் மாறியதும் முடிவும் மாறியது. ‘அந்தக் காலத்துலேருந்து இப்படித்தான்’ என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போக முடியாமல், எந்தக் காலத்திலிருந்து என்று மாமூலையே சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தார்கள். மாமூலுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆனாலும் இதைப் பெரிய விடுதலைப் பிரதியாகக் கொண்டாட வேண்டாம். தீண்டாமை தவறு என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. இந்தக் குளத்தில் அது பழமையானது என்று நிரூபிக்கவில்லை என்றுதான் சொன்னது. கோயில் விஷயம் வேறு, அங்கே நீண்டகால நடைமுறையை வைத்து உயர் சாதியாருக்கே உரியது என்று ஊகிக்க இடமுண்டு என்று ஒரு கதவையும் சாத்தி வைத்தது. ஒருவேளை அவர்கள் இருநூறு வருஷத்துப் பத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து போட்டிருந்தால்? வழக்கத்தின் வயதைக் கேட்கிற சட்டம், அதன் யோக்கியதையைக் கேட்கவில்லை. நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்ற விதி கையிலேயே இருந்தது. அதைத் தூக்கிப் பிடிக்க ஆள் இல்லை. 1950ல் அரசியல் சாசனத்தின் 17வது உறுப்பு தீண்டாமையை ஒழித்தபோதுதான் வயதைப் பற்றிய கேள்வியே அடிபட்டுப் போனது. சட்ட வலுவுள்ள வழக்கங்களும் ‘சட்டம்’ என்பதில் அடங்கும், அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தால் அவையும் செல்லாது என்று 13வது உறுப்பு எழுதி வைத்தது. மஹத் வழக்கின் முதல் பிரதிவாதி, சாசன வரைவுக்குழுவின் தலைவராக இருந்தார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த உறுப்புகளைப் படிக்க வேண்டும்.

5

இது சாதி உள்ள நாட்டின் தனிக் கோளாறா? மற்ற நாடுகளில் பொதுச்சட்டம் ஒழுங்காக நடந்துகொண்டதா?

1772ல் லண்டனில் ஜேம்ஸ் சாமர்செட் என்கிற கறுப்பு அடிமையின் வழக்கு வந்தது. தப்பி ஓடியவரைப் பிடித்து, ஜமைக்காவில் விற்பதற்காகக் கப்பலில் விலங்கிட்டு வைத்திருந்தார்கள். அடிமை முறை அவ்வளவு அருவருப்பானது, எழுதப்பட்ட சட்டம் இல்லாமல் அதைத் தாங்கிப் பிடிக்க முடியாது என்று சொல்லி நீதிபதி மான்ஸ்பீல்ட் அவரை விடுவித்தார். பொதுச்சட்டத்தின் பெருமையாக இதைப் பேசுவார்கள். சரிதான். ஆனால் அந்தத் தீர்ப்பின் காற்று ஜமைக்காக் கரும்புத் தோட்டத்துக்குப் போகவில்லை. அங்கே அடிமைகள் இன்னும் அறுபது வருஷத்துக்கு மேல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதே சட்டப் பரம்பரையில் வந்த அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் 1857ல் டிரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பர்கள் அந்நாட்டின் குடிமக்களாக முடியாது என்று எழுதியது. நாட்டை உண்டாக்கிய காலத்து வெள்ளையர்கள் கறுப்பர்களை எப்படி மதித்தார்கள் என்பதே அங்கே ஆதாரம். இழிவுபடுத்தியவனின் மதிப்பீட்டை வைத்து இழிவுபட்டவனின் உரிமையை அளப்பது! கமுதி வாசலில் நாம் பார்த்த அதே வட்டம்.

ஆஸ்திரேலியாவில் இன்னும் ஒரு படி மேல். அங்கே ஆதிவாசிகள் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்த மண்ணை, யாருக்கும் உரிமையில்லாத நிலம் போலக் கணக்கில் எடுத்துக்கொண்டு ஆங்கிலச் சட்டம் குடியேறியது. நம்ம ஊரில் சேரிக்காரன் மாடு மேய்க்கிற, பொணம் புதைக்கிற இடத்தை ஏட்டில் ‘புறம்போக்கு’ என்று எழுதிவிட்டுப் பிறகு யாருக்கோ பட்டா போடுவது ஞாபகம் வருகிறதா? 1982ல் மெர் தீவைச் சேர்ந்த எடி மாபோவும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். எங்கள் தோட்டத்துக்கு எல்லை உண்டு, பாட்டனிடமிருந்து பேரனுக்குப் போகிற முறை உண்டு, இது எங்கள் வழக்கம் என்று சாட்சி சொன்னார்கள். 1992 ஜூன் 3 அன்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டு, யாருமற்ற நிலம் என்ற கற்பனையைத் தூக்கி எறிந்தது. மாபோ அந்த வருஷம் ஜனவரியிலேயே இறந்துவிட்டார்.

இங்கே வழக்கம் ஒடுக்கப்பட்டவர்களின் வாயிலிருந்து வந்தது என்பது முக்கியம். வழக்கம் என்ற சொல்லே நமக்கு எதிரி அல்ல; யார் வாயிலிருந்து வருகிறது என்பதே விஷயம். அதேசமயம் அரசு ஏற்கெனவே விற்றுத் தீர்த்த நிலத்துக்கு உரிமை திரும்பாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. சட்டம் தன் முதுகெலும்பு முறியாத அளவுக்குத்தான் குனிந்தது.

6

பொதுச்சட்டத்தில் வழக்கத்துக்கு அடுத்தபடியாக நம்மை அடிக்கிற ஒரு பாத்திரம் உண்டு. ‘நியாயமான மனிதன்’ என்று அவனுக்குப் பெயர். ஒரு சூழ்நிலையில் சாதாரண மனிதன் என்ன செய்வான், என்ன செய்யமாட்டான் என்று அளந்து பார்க்க நீதிபதிகள் உண்டாக்கிய கற்பனை ஆள். இங்கிலாந்தில் அவனை லண்டன் கிளாப்பம் பகுதி பஸ்ஸில் போகிறவன் என்று சொல்வார்கள். பஸ்ஸில் போகிறவன், நடுத்தரமானவன், அதாவது தங்களைப் போன்றவன்.

நம்ம நாட்டில் அவன் காரில் போகிறான்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ராமய்யாவின் குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெண்கள், பிள்ளைகள், கிழடுகள். கூலி உயர்வு கேட்டதும் செங்கொடியை இறக்க மறுத்ததும்தான் குற்றம். நாகப்பட்டினம் நீதிமன்றம் 1970ல் மிராசுதார்களுக்குப் பத்தாண்டு தண்டனை கொடுத்தது. 1973ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பின் தர்க்கம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ஆனாலும் ஒரு பிரதியாக மறுபடி வாசிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்ட 23 பேரும் மிராசுதார்கள், பெரும்பாலோர் பணக்காரர்கள், முதல் எதிரியிடம் கார் இருக்கிறது. விவசாயத் தொழிலாளிகள் மேல் எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் இப்படிப்பட்டவர்கள் வேலையாட்கள் துணையில்லாமல் தாங்களே நடந்துபோய்த் தீவைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை. பின்னால் இருந்துகொண்டு ஆட்களை ஏவியிருப்பார்கள் என்றுதான் எதிர்பார்க்கலாம். சாரம் இவ்வளவுதான்.

இது எழுதப்பட்ட எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் இருக்கிறது? எதிலும் இல்லை. இது நீதிபதியின் ‘பொது அறிவு’. ‘ஐயா மாருங்க அப்படி நடந்து வரமாட்டாங்க’ என்பது ஊர்ப் பொதுவின் அறிவு. பார்த்த கண்கள் சாட்சி சொன்னபோது, காரின் கௌரவம் அந்தக் கண்களைவிடப் பெரிதாகப் போயிற்று. தீர்ப்பு மிராசுதாரின் மனசுக்குள் புகுந்து பார்க்கிறது. அவன் எதைச் செய்வான், எதைச் செய்யமாட்டான் என்று அக்கறையோடு யோசிக்கிறது. எரிந்த குடிசைக்குள் அது நுழையவே இல்லை.

இலக்கியம் மட்டும் நுழைந்ததா? 1975ல் இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ வந்தது; 1977ல் சாகித்திய அகாதெமி பரிசும் வாங்கியது. அதுவும் பண்ணையாரின் மனசுக்குள்தான் போனது. அவனுடைய ஆண்மைக் குறைவில் கொடுமைக்குக் காரணம் தேடியது. தீர்ப்பு மிராசுதாரைக் காப்பாற்றப் பார்த்தது, நாவல் அவனை அம்பலப்படுத்தப் பார்த்தது. நோக்கம் எதிரெதிர் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு பிரதிகளிலும் கதையின் நடுவில் உட்கார்ந்திருப்பவன் ஒருவனே. அரைப்படி நெல்லுக்காக நிமிர்ந்து நின்றவர்களின் அரசியல் இரண்டிலும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. நீதிபதிக்கும் நாவலாசிரியருக்கும் பொதுவான ஒரு வாசகப் பரப்பு உண்டு; அந்தப் ‘பொது’வில் வெண்மணி இல்லை.

கார் செய்த வேலையை இன்னொரு வழக்கில் தீண்டாமையே செய்தது. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக 1992ல் பன்வாரி தேவி கூட்டாக வன்புணர்ச்சி செய்யப்பட்டார். குயவர் சாதிப் பெண். 1995ல் கீழ்நீதிமன்றம் குற்றவாளிகளை விடுவித்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, மேல்சாதிக்காரர்கள் கீழ்சாதிப் பெண்ணைத் தொட்டுத் தங்களைத் தீட்டுப்படுத்திக்கொள்ள மாட்டார்கள் என்பது. 17வது உறுப்பு ஒழித்த தீண்டாமை, நீதிமன்றத்தில் குற்றவாளிக்குச் சாட்சி சொல்ல வந்துவிட்டது! எங்க பொம்பளைங்களக் கேட்டா சொல்வாங்க, தீட்டு எந்நேரம் இருக்கும், எந்நேரம் ஓடிப்போகும்னு. பன்வாரி தேவிக்கு நேர்ந்ததை முன்வைத்துப் பெண்கள் அமைப்புகள் போட்ட விசாகா வழக்கில் 1997ல் உச்ச நீதிமன்றம், பாராளுமன்றம் சட்டம் போடாத இடத்தில் தானே வழிகாட்டு நெறிகளை வகுத்து, வேலையிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான சட்டமாக நடைமுறைப்படுத்தியது. 2013ல்தான் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. நீதிபதி உண்டாக்கும் சட்டத்தின் நல்ல முகம் அது. ஆனால் எந்தப் பெண்ணின் வலியிலிருந்து அந்த நெறிகள் பிறந்தனவோ அவருக்கு எதிரான தீர்ப்பை அவை துடைக்கவில்லை.

7

அப்படியானால் பொதுச்சட்டம் வேண்டாம், எல்லாவற்றையும் தொகுப்பாக எழுதி வைத்தால் போதும் என்று சிலர் சொல்லலாம். மநு எழுதி வைத்ததும் தொகுப்புதான். எழுத்தா, தீர்ப்பா என்பதல்ல கேள்வி. நல்ல சட்டத்தைக்கூட மாமூலின் கண்ணால் படிக்க முடியும். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழையத் தடை வந்தபோது, 2023 ஜூனில் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 145வது பிரிவின் கீழ் கோயிலைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். அது நிலம், நீர் பற்றிய தகராறில் அமைதி கெடாமல் இருக்கப் போடுகிற பிரிவு. சாசனம் கொடுத்த உரிமை அங்கே ‘இரு தரப்புத் தகராறு’ ஆகிவிட்டது. 2025 ஏப்ரலில்தான் அந்த மக்கள் உள்ளே போய்க் கும்பிட்டார்கள். உரிமை ஒரு பக்கம், அதை மறுப்பது இன்னொரு பக்கம். இரண்டையும் சமமாக நிறுத்தி வைத்துவிட்டு நடுவில் நிற்பதை நடுநிலை என்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது என்ன? சட்டம் படிக்கிற நம் தோழர்கள் தேர்வுக்காகத் தீர்ப்பின் சுருக்கத்தை மட்டும் படிப்பதை விட வேண்டும். கீழ்க்கோர்ட்டில் யார் சாட்சி சொன்னார்கள், எந்தச் சாட்சியை எந்தச் சொல்லால் ஒதுக்கினார்கள், ‘நம்பத்தக்கதாக இல்லை’ என்பதற்குப் பின்னால் என்ன சாதிக் கணக்கு இருக்கிறது என்று தோண்டிப் பார்க்க வேண்டும். எழுதுகிறவர்கள் நம் பெரியவர்களிடம் உட்கார்ந்து ஊர் வழக்கங்களை அவர்கள் வாயால் பதிவு செய்ய வேண்டும். எந்தக் குளத்தில் முன்பு எல்லோரும் தண்ணீர் எடுத்தார்கள், எந்த வருஷத்தில் வேலி வந்தது, எந்தப் பாதையில் பிணம் போனது, யார் வந்து அடைத்தார்கள். வாக்குமூலங்களை நம் பத்திரிகைகள் அச்சிடுவது அழுகையைக் காட்டுவதற்காக அல்ல. நாளைக்கு ஒரு கோர்ட்டில் மாமூல் என்று ஒருவன் எழுந்து நிற்கும்போது, அவனை மறுத்துச் சொல்ல நம் கையில் ஏடு இருக்க வேண்டும்.

மெர் தீவுக்காரர்கள் தோட்டத்து எல்லையைச் சொன்னார்கள். மஹத்தில் குளத்தின் வயதைக் கேட்டார்கள். யாழ்ப்பாணத்தில் 12 பேரைக் கேட்டு எழுதியதையே ஒரு தேசத்தின் வழமை என்றார்கள். ‘காலங்காலமா இப்படித்தான்’ என்று இனி யார் சொன்னாலும் மூன்று கேள்வி கேட்போம்: எந்த வருஷத்திலிருந்து? யார் சொன்னது? அப்ப சேரியைக் கேட்டீங்களா?